கட்டுக்கம்பி தாங்காது, கற்காரையே தாங்கும்!

(வண்டலூரில் கட்டடத் தொழிலாளரும் இளம் பொறியாளரும் தமிழன்பரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

என்னை அழைத்த நண்பர்கள் தமிழின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு கேட்டனர். நானோ இரும்புக் கம்பியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். இதிலே தமிழ் எங்கே வருகின்றது என்று நீங்கள் நினைக்கலாம். வரவேண்டிய இடத்தில் அது தானே வரும், சற்றுப் பொறுத்திருங்கள்.

நம் ஊரைச் சுற்றிலும் நோக்குங்கள். ஒருபுறம் மலை. மறுபுறம் பெருங்களத்தூர் முதல் கூடுவாஞ்சேரி வரை இடைவெளியின்றி எழும்பும் கட்டடங்கள். மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் செல்லும் வெளிவட்டச் சாலை நம் ஊரில்தான் தொடங்குகின்றது. 2023-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், ஏரிக்கரை நிலத்தின் விலையும் மலையடி நிலத்தின் விலையும் ஒன்றையொன்று துரத்துகின்றன. நேற்றுவரை ஓட்டு வீடு நின்ற மனையில் இன்று ஐந்து மாடி எழுகின்றது.

இவ்வூர்த் தெருக்களில் நடப்பவர் எவரும் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. மொட்டை மாடிகளின் மேல், தூண் தூணாக, நான்கு கம்பியும் ஆறு கம்பியும் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். 'பிள்ளைகள் தலையெடுத்தால் மேலே ஒரு மாடி எடுப்பார்கள்' என்னும் நம்பிக்கையே அங்கே கம்பியாய் நிற்கின்றது. நான் கேட்பது இதுதான்: அந்தக் கம்பி எவ்வளவு நீளம் நிற்க வேண்டும்? அதனோடு நாளை வைக்கும் கம்பியை எப்படிச் சேர்க்க வேண்டும்? சேர்த்த இடத்தில் சுமையைத் தாங்குவது எது?

இம்மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாமலே நம் நாட்டில் பல்லாயிரம் வீடுகள் எழுந்துள்ளன.

ஒரு பெரியவர் கேட்ட வினா

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் கல்லூரியை விட்டு வெளிவந்த புதிதில், தாம்பரத்திற்குத் தெற்கே ஏரியை ஒட்டிய ஒரு நிலத்தில் கட்டடப் பணி நடந்தது. மேலே இளகிய களிமண். ஆகவே நிலத்தைத் துளைத்து நெடுந்தூண்கள் இறக்க வேண்டியிருந்தது. பணியிடத்தில் இதனைப் 'பைல்' என்பார்கள். நாம் முளைத்தூண் என்போம். ஒவ்வொரு துளையும் 18 மீட்டர் ஆழம். கம்பியோ 12 மீட்டர் நீளத்தில்தான் வரும். ஆகவே 12 மீட்டர்க் கம்பிக்கூடு ஒன்றை முதலில் துளைக்குள் இறக்கி, அதன் தலையைத் துளையின் வாயில் நிறுத்தி, அதன்மேல் இரண்டாம் கூட்டைத் தூக்கி நிறுத்தி, இரண்டின் கம்பிகளையும் அணைத்துக் கட்டி, மறுபடியும் இறக்க வேண்டும்.

கம்பி கட்டும் குழுவின் தலைவராக ஒரு பெரியவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் கை வைத்தால் கூடு கோணாது. அன்று மாலை மழை வரும்போல் இருந்தது. 'விரைந்து முடியுங்கள்' என்று மேலிருந்து ஆணை. பெரியவர் ஒவ்வோர் அணைப்பிலும் கட்டுக்கம்பியால் நெருக்கி நெருக்கிக் கட்டினார். கூட்டை இறக்கினோம். பாதி ஆழத்தில் 'படார்' என்று ஓர் ஓசை. கீழ்க்கூடு கழன்று துளைக்குள் வீழ்ந்துவிட்டது. மேல்கூடு மட்டும் பாரந்தூக்கியில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

'விடுங்கள், கம்பி உள்ளேதானே இருக்கிறது! மேல்கூட்டை இறக்கிக் காரையை ஊற்றுங்கள். மண்ணுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?' என்றார் ஒருவர். என் வாய் திறக்கவில்லை. அந்தப் பெரியவர்தாம் துளையின் வாயில் நின்று, 'இதிலே காரை ஊற்றக்கூடாது' என்றார். அவர் நகரவில்லை. ஈற்றில் அத்துளையைக் கைவிட்டு, வரைபடத்தை மாற்றி, பக்கத்தில் வேறு துளை இட்டார்கள்.

அன்றிரவு அவர் என்னைக் கேட்டார்: 'தம்பி, இத்தனைக் கட்டுக் கட்டினேனே, ஏன் அறுந்தது? நீங்கள் படித்தவர்; சொல்லுங்கள்.'

தோழர்களே! எனக்கு விடை தெரியும். பாடநூலில் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். ஆனால் அவ்வளவும் ஆங்கிலத்தில். என் தாய்மொழி பேசும் ஒரு தொழிலாளிக்கு, அவர் கையால் செய்யும் வேலையின் உட்பொருளை, என் தாய்மொழியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதோ உளறினேன். அவரும் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தக் கடனைத்தான் இன்று இம்மேடையில் அடைக்க முயல்கின்றேன்.

கயிறு சொல்லும் உண்மை

தேங்காய் நாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நார் ஏறத்தாழ ஒரு சாண் நீளமே இருக்கும். ஆனால் அதனைத் திரித்த கயிறோ நூறு முழம்! சாண் நாரிலிருந்து நூறு முழக் கயிறு எப்படி வந்தது? நார்களின் நுனியை நுனியோடு முடிந்தா திரித்தார்கள்? இல்லை. ஒரு நாரின் மேல் மற்றொன்றைப் பாதி நீளத்துக்கு மேலாக அணைத்துவைத்து முறுக்கினார்கள். ஒன்று மற்றொன்றைப் பற்றிக்கொண்டது. முதல் நார் தான் இழுத்த இழுப்பை, முடியுமுன்னரே அடுத்த நாரிடம் ஒப்படைத்துவிட்டது. அணைப்பு நீளம் குறைந்த கயிறு, கையால் இழுத்தாலே பிரிந்துவிடும்.

கம்பியணைப்பும் அத்தகையதே. கயிற்றிலே முறுக்கு செய்யும் வேலையைக் கட்டடத்திலே கற்காரை செய்கின்றது. முதல் கம்பி தன் சுமையை வரிவரியாகச் சுற்றியுள்ள காரைக்குத் தள்ளுகின்றது. அக்காரை அதனை வாங்கி அடுத்த கம்பிக்குக் கொடுக்கின்றது. இரு கம்பிகளுக்கும் இடையே நின்று சுமையைக் கைமாற்றுவது அந்தக் காரையே. ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும் கட்டுக்கம்பி, காரை ஊற்றி இறுகும்வரை கம்பிகள் இடம்பெயராமல் பிடித்துக்கொள்வதற்கே உள்ளது. பத்துக் கட்டுக் கட்டினாலும் நூறு கட்டுக் கட்டினாலும் அணைப்பின் வலு கூடாது. நீளம் கூடினால் கூடும்.

இந்தப் பிடிப்பைத்தான் 'பற்று' என்கின்றோம். கம்பி தன் முழு வலுவையும் காரைக்குக் கொடுக்க வேண்டிய நீளம் 'பற்றுநீளம்'. கம்பிமேல் கம்பி அணைவது 'மேலணைப்பு'. கம்பி வழவழப்பாய் இருந்தால் பற்று குறையும் என்பதறிந்துதான், 1884-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எர்னெசுட்டு இரான்சம் என்பார் சதுரக் கம்பியை முறுக்கிப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். இன்று நம் கடைகளில் விற்கும் கம்பியின் மேல் காணும் வரிகளும் அந்தப் பற்றுக்காகவே. கம்பியில் எண்ணெய் படிந்தாலோ, சேறு ஒட்டியிருந்தாலோ, துரு செதிலாய் உரிந்தாலோ பற்று போய்விடும்.

மூன்று கிலோ இரும்பு

கணக்கைப் பாருங்கள், ஒன்றும் கடினமன்று. 16 மி.மீ. முறுக்குக் கம்பி, வலுவகை 500. கணக்கீட்டில் அது தாங்க வைக்கும் இழுப்பு ஏறத்தாழ 8.9 டன். அதனைச் சூழ்ந்த கற்காரை 25-ஆம் வகையினதாயின், ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்திலும் அது பற்றக்கூடியது ஏறத்தாழ 11½ கிலோ. 8.9 டன்னை 11½ கிலோவால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 775 மி.மீ. வரும், அஃதாவது கம்பியின் விட்டத்தைப் போல் 49 மடங்கு. இதனைத்தான் ஐ.எசு. 456 என்னும் இந்திய நெறிநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு கேட்கின்றது. உத்தரத்தின் இழுபடும் கம்பிக்கு 49 மடங்கு. தூணில் அமுக்கத்தில் மட்டும் நிற்கும் கம்பிக்கு 39 மடங்கு. இக்கணக்கில் 12 மி.மீ. கம்பிக்கு உத்தரத்தில் 590 மி.மீ., 20 மி.மீ. கம்பிக்கு 980 மி.மீ. அணைப்பு வேண்டும். காரையின் வகை தாழ்ந்தால் நீளம் கூடும். 20-ஆம் வகைக் காரைக்கு 57 மடங்கு. தடிப்பு வேறான இரு கம்பிகளை அணைத்தால் மெல்லிய கம்பியின் விட்டத்தைக் கொண்டு கணக்கிடுவர். மிகத் தடித்த கம்பிக்கு மேலணைப்பைத் தவிர்க்க வேண்டும்.

இனி, அந்தத் தூணில் இரண்டடிக்கு மேல், 624 மி.மீ. இருக்க வேண்டிய அணைப்பை 400 மி.மீ. ஆகக் குறைத்தால் எவ்வளவு இரும்பு மிச்சமாகும்? 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. எட்டுக் கம்பித் தூணுக்கு ஒரு மாடியில் 2.8 கிலோ. மூன்று கிலோ கூட இல்லை! ஒரு குடும்பம் குடியிருக்கும் தூணின் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விற்றுவிட்டுக் கிடைப்பது, பழைய இரும்புக் கடையில் ஒரு நாளைத் தேநீர்ச் செலவு! அறியாமையால் செய்தாரை நாம் மன்னிக்கலாம். அறிந்தே செய்தாரை எந்தச் சொல்லால் அழைப்பது?

எங்கே அணைப்பது?

நீளம் மட்டும் போதாது, இடமும் வேண்டும். நம் பணியிடங்களில், தளம் போட்டவுடன், தளத்தின் மேலேயே எல்லாக் கம்பிகளையும் ஒரே மட்டத்தில் அணைத்துவிடுகின்றனர். கைக்கு எட்டுகின்றது, எளிதாய் இருக்கின்றது. ஆனால் நிலம் நடுங்கும்போது தூண் மிகுதியாய் வளைவது அதன் அடியிலும் தலையிலுமே. நடுவில் வளைவு குறைவு. எனவேதான் நிலநடுக்கத்துக்கான ஐ.எசு. 13920 நெறிநூல், தூணின் நடுப்பாதியில் மட்டும் அணைக்க வேண்டும், ஓரிடத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் அணைக்கக்கூடாது, அவ்விடத்தில் வளையங்கள் 100 மி.மீ.க்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்கின்றது. அந்த வளையங்கள்தாம், இரு கம்பிகளும் நெம்பும்போது காரை பிளந்து போகாமல் இறுக்கிப் பிடிப்பவை. கம்பியை இடம் சேர்க்க வளைப்பதாயின் ஆறுக்கு ஒன்று என்னும் சாய்வுக்கு மேல் வளைக்கலாகாது. சுத்தியலால் அடித்து ஒடித்து வளைப்பது அணைப்பன்று, முறிப்பு.

'நமக்கேது நிலநடுக்கம்?' என்பாருக்குச் சொல்கின்றேன். 2001-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் குசராத்தில் நிலம் நடுங்கியபோது வீழ்ந்த பல கட்டடங்களில், தூணின் கம்பிகள் தளமட்டத்திலேயே அணைக்கப்பட்டிருந்ததையும் வளையங்கள் அருகியிருந்ததையும் ஆய்ந்த பொறியாளர்கள் பதிந்துள்ளனர். அடுத்த ஆண்டே, 2002-இல் வெளிவந்த நிலநடுக்க வரைபடம் சென்னையை இரண்டாம் வட்டத்திலிருந்து மூன்றாம் வட்டத்திற்கு உயர்த்தியது.

மண்ணுக்குள் மறையும் அணைப்பு

இப்பொழுது அந்தப் பெரியவரின் வினாவுக்கு வருகின்றேன். வண்டலூர் என்னும் பெயரின் முன்பாதி நம் காதில் வண்டல் என்றே விழுகின்றது. ஆனால் மலையடியில் பாறை, ஏரியடியில் களி. பாறைமேல் கட்டுவோர்க்கு முளைத்தூண் தேவையில்லாமல் போகலாம். களிமேல் கட்டுவோர்க்கு அதுவே கால்.

600 மி.மீ. தடிப்புள்ள முளைத்தூணுக்கு எட்டு 20 மி.மீ. கம்பிகள் என்று கொள்ளுங்கள். 12 மீட்டர்க் கூடு வளையங்களோடு முந்நூறு கிலோ எடை. காரை ஊற்றிய பின்னர் சுமையைக் கைமாற்றுவது காரை. ஆனால் காரை ஊற்றும் முன்னர், துளைக்குள் தொங்கும்போது, அந்த முந்நூறு கிலோவையும் தாங்குவது எது? அணைப்பைச் சுற்றிய கட்டுக்கம்பிதான்! அதற்கென்று அது செய்யப்படவில்லை. ஐயா பெரியவரே, நீங்கள் கட்டியதில் குறையில்லை. கட்டு தாங்கமுடியாத வேலையைக் கட்டுக்குக் கொடுத்தது எங்கள் குறை. கூட்டின் இரு பகுதிகளையும் இறுகப் பிடிக்கும் கவ்விகளை அன்று நாங்கள் கொடுத்திருக்க வேண்டும். அல்லது முறையாகப் பற்றவைப்பு செய்வித்திருக்க வேண்டும்.

பற்றவைப்பிலும் ஒரு கேடு உண்டு. இன்றைய முறுக்குக் கம்பி, செந்தழலாய் வரும்போது நீரால் திடீரெனக் குளிர்விக்கப்பட்டது. அதனால் அதன் புறத்தோல் கடினம், உள்ளே இளக்கம். அந்தத் தோலில்தான் அதன் வலுவில் பெரும்பங்கு இருக்கின்றது. கண்டபடி தீப்பொறி வைத்து முதன்மைக் கம்பியைச் சுட்டால் அத்தோல் இளகிவிடும். ஆகவே பற்றவைப்பு தேர்ந்தவர் கையால், அதற்கேற்ற கம்பியிலும் குச்சியிலும் நடக்க வேண்டும். தடித்த கம்பிகளுக்கு இரு முனையையும் மரையிட்டுத் திருகும் குழல் இணைப்பு வந்துவிட்டது, அதற்கென்று ஐ.எசு. 16172 என்னும் தரநிலையும் 2014-இல் வந்தது.

முளைத்தூணில் இன்னொரு நுட்பம். அங்கே காரையை அதிர்வூட்டி இறுக்க முடியாது. நீண்ட குழாய் வழியே ஊற்ற, அது தானே எழும்பிக் கம்பிகளுக்கிடையே புகுந்து வெளியே பரவ வேண்டும். அணைப்பு இருக்குமிடத்தில் ஒரு கம்பி இரண்டாகின்றது, இடைவெளி குறுகுகின்றது. எல்லா அணைப்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது கம்பி வேலியாகிக் காரையைத் தடுத்துவிடும். வெளியே காரைப்போர்வை இல்லாத இடத்தில் ஏரிநீர் புகும்; துரு தின்னும். ஆகவே கம்பிகளை ஏற்ற இறக்கமாய் வெட்டி, அணைப்புகளை வெவ்வேறு மட்டத்தில் வையுங்கள். கம்பிக்குக் கம்பி 100 மி.மீ. இடைவெளியேனும் விடுங்கள். வீட்டுத் தூணின் குறையைச் சுவரில் விழும் வெடிப்பாவது காட்டும். முளைத்தூணின் குறையை யார் காட்டுவார்?

மௌலிவாக்கம் மறவற்க!

2014-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள் மாலை, நம் புறநகரின் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று நொடிப்பொழுதில் மண்மேடாயிற்று. 61 பேர் மாண்டனர். தமிழர், ஆந்திரர், ஒடிசாவினர் எனப் பிழைப்புத் தேடி வந்த எளிய உழைப்பாளிகள். இடி விழுந்ததே ஏது என்றனர் முதலில். உயர்முறைமன்ற முன்னாள் நடுவர் இரகுபதி தலைமையிலான ஆணையம் ஆய்ந்தது. கட்டமைப்பின் குறைபாட்டையே, குறிப்பாகத் தூண்களின் வலுக்குறையையே அது சுட்டியது. பக்கத்தில் நின்ற இரண்டாம் கட்டடத்தையும் 2016-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

ஒரு தூணின் வலு என்பது ஒரு பொருளில் இல்லை. அதன் பருமன், காரையின் வகை, கம்பியின் அளவு, வளையத்தின் நெருக்கம், கம்பியணைப்பின் நீளம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அது. ஐந்தில் ஒன்று பொய்த்தாலும் மற்ற நான்கும் அதன் சுமையைச் சுமக்க வேண்டும். இரண்டு பொய்த்தால் இடி விழ வேண்டியதில்லை. வெயிலிலேயே வீழும்.

தமிழ் எங்கே வருகின்றது?

இப்பொழுது தமிழுக்கு வருகின்றேன். அணைப்பு எத்தனை மடங்கு என்பது வரைபடத் தாளில் இருக்கின்றது. அதன் மூலையில், சிறு எழுத்தில், ஆங்கிலத்தில். வரைந்தவர் ஆங்கிலத்தில் எழுதுகின்றார். மேற்பார்வையாளர் அரைகுறையாய்ப் படிக்கின்றார். கம்பி வெட்டுபவர் கைச்சாணால் அளக்கின்றார். உயிரைக் காக்கும் ஒரு வரி, மூன்று பேரைக் கடந்து வருவதற்குள் தேய்ந்து போகின்றது. அணைப்பு நீளம் குறைந்த கம்பியைப் போலவே, இங்கே சொல்லும் பற்றாமல் நழுவிவிடுகின்றது. 'பற்றுநீளம்' என்று சொல்லிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவருக்கும் அது பொருள் விளக்கும்.

ஆகவே நான் கேட்பவை சிலவே. ஒவ்வொரு பணியிடத்திலும் ஒரு பலகையில், எந்தக் கம்பிக்கு எத்தனை மில்லிமீட்டர் அணைப்பு என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுத் தமிழில் எழுதி மாட்டுக. அங்கே ஒடிசாத் தோழரும் பீகார்த் தோழரும் வேலை செய்தால் அவரவர் மொழியிலும் எழுதி மாட்டுக. மௌலிவாக்கத்தில் மாண்டவர் யாவரும் ஏதோ ஒரு தாய்மொழியில்தான் இறுதியாகக் கூவியிருப்பார்கள். அந்த அளவுக்கு ஒரு கோல் வெட்டிக் கம்பியாள் கையில் கொடுத்துவிடுக. கம்பியை மூடுமுன் ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்க.

வீடு கட்டும் தாய்மார்களே! காரை ஊற்றும் நாளன்று பூசையும் பொங்கலும் செய்கின்றீர்கள். அதற்கு முந்திய நாள் ஓர் அளவு நாடாவோடு சென்று நில்லுங்கள். 'அணைப்பு எத்தனை? எல்லாம் ஒரே மட்டத்திலா? வளையம் நெருக்கமா? கம்பியில் சேறு உண்டா?' என்று கேளுங்கள். மொட்டை மாடியில் பல ஆண்டு நின்ற கம்பியின் மேல் புது மாடி எடுப்பதாயின், துருவைத் தேய்த்துப் பார்த்து, எஞ்சிய தடிப்பையும் நீளத்தையும் பொறியாளரிடம் காட்டியபின் எடுங்கள்.

கம்பி கட்டும் தோழர்களே! நீங்கள் செய்யும் வேலையை மறுநாள் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். கொத்தர் பூசிய சுவரை ஊர் பாராட்டும். தச்சர் செய்த கதவை வருவோர் தடவிப் பார்ப்பர். உங்கள் வேலையோ காரைக்குள் மறைந்துவிடும். ஆயினும் அந்த வீட்டில் உறங்கும் குழந்தையைத் தாங்கி நிற்பது நீங்கள் கட்டியதே. அந்தப் பெரியவர் அன்று துளையின் வாயில் நின்று 'கூடாது' என்றாரே, அந்த ஒரு சொல்லுக்குத் தலைவணங்குகின்றேன். அவர் கேட்ட வினாவுக்கு உரிய விடையை அவரிடம் சொல்ல இனி எனக்கு வாய்ப்பில்லை, உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் அடுத்தவரிடம் சொல்லுங்கள். கம்பி கம்பியிடம் ஒப்படைப்பதுபோல், நழுவாமல், நீளம் குறையாமல் சொல்லுங்கள்.